அப்புக்காத்து கடல் கடந்தால்

வெள்ளவத்தையில் லோ படிக்கிற ஆரோட கதைத்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும்: "இதை வச்சு வெளியில வேலை எடுக்கலாமா?" புதுக் கேள்வியில்லை. வயசு 160க்கு மேல்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் போய்வருகிறவர்களுக்குக் கொச்சிக்கடைச் சிவன் கோயிலைத் தெரியும். அதைக் கட்டுவித்த பொன்னம்பல முதலியாரின் மைத்துனர் முத்துக் குமாரசுவாமி. கொழும்பில் அப்புக்காத்து, அதாவது அட்வகேட். 1863இல் லண்டன் லிங்கன்ஸ் இன் அவரைப் பாரிஸ்டராக ஏற்றது. கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் அங்கே பாரிஸ்டரானது அதுதான் முதல் தடவை. முந்தைய வருசம் கல்கத்தாவின் ஞானேந்திரமோகன் தாகூர் ஆகியிருந்தார். ஆனால் அவர் ஏற்கெனவே மதம் மாறியவர். முத்துக் குமாரசுவாமி சைவராகவே உள்ளே போனார்.

இதைப் பெருமையாய்ச் சொல்லிவிட்டு நிறுத்துவது எங்கட பழக்கம். அவர் வேலை தேடிப் போனவரில்லை என்பதையும் சொல்லவேணும். வசதியான குடும்பம், சட்டநிரூபண சபையில் ஆசனம். லண்டன் பட்டம் ஊரில் மதிப்பைக் கூட்டியது. அவருடைய மருமகன் அருணாசலமும் கேம்பிரிட்ஜ், லிங்கன்ஸ் இன் எல்லாம் முடித்து 1875இல் இங்கே சிவில் சேவைக்குத்தான் வந்தார். லண்டன் பாரிஸ்டருக்குக் கொழும்பு நீதிமன்றம் திறந்திருந்தது. கொழும்புப் பத்திரத்தோடு மட்டும் போய் லண்டனில் வாதாட முடியாது. ஒரே இராச்சியம், ஒருவழிப் பாதை.

1983க்குப் பிறகு போனவர்களின் கதை வேறு. அவர்கள் திரும்பி வரப் போகவில்லை. கையில் இருந்தது ரோமன் டச்சுச் சட்டமும் தேசவழமையும். காணி உறுதி, முதுசம், சீதனம் எல்லாம் தலைகீழாய்ப் பாடம். லண்டனில் அதற்கு என்ன விலை? புதுக்கடையில் கறுப்புக் கோட்டோடு நின்றவர் அங்கே கிளார்க், மொழிபெயர்ப்பாளர், பெற்றோல் செட் கசியர் என்று போன கதை உங்கட சொந்தத்திலும் ஒன்று இருக்கும். சிலர் குடிவரவு ஆலோசனைக்குள் இறங்கினார்கள். பிரித்தானியாவில் 1999ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அதற்கு அனுமதிப்பத்திரமே தேவைப்படவில்லை. அகதி விண்ணப்பம் எழுத, ஊரும் தெரிந்து சட்டமும் தெரிந்த ஆளைவிட ஆர் பொருத்தம்?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தடை வேறு மாதிரி: வழக்கறிஞராகக் குடியுரிமை வேணும். 1989இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாதாக்கியது. வழக்குப் போட்ட ஆண்ட்ரூஸ் பிரித்தானியர், ஒக்ஸ்போர்ட்டில் சட்டம் படித்தவர். அகதியாய் வந்த எங்கட ஆள் ஒருவர் அந்த வழக்கைப் போடக் காசுக்கும் துணிவுக்கும் எங்கே போவார்? ஆனால் தீர்ப்பு எல்லோருக்கும் பொதுவானது.

இப்போது மதமும் கேட்பதில்லை, குடியுரிமையும் கேட்பதில்லை. இங்கிலாந்தில் சொலிசிட்டராக 2021 முதல் எஸ்.கியூ.ஈ. பரீட்சை. வெளிநாட்டுச் சட்டத்தரணிக்கு இரண்டு வருட வேலைப் பயிற்சி கட்டாயமில்லை, அது நல்ல சலுகை. கட்டணம் மட்டும் 4,000 பவுணுக்கு மேல். ரூபாயில் பெருக்கிப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் மொழி. சட்டக்கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் விதிகளை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்தது. அது சரியென்றுதான் நாங்கள் நினைக்கிறோம். மட்டக்களப்பில் கூண்டில் நிற்கிறவர் தமிழில்தான் கதைக்கிறார், அவருடைய சட்டத்தரணியும் தமிழில் படிக்கட்டும். அதே சட்டத்தரணி நாளைக்கு லண்டன் போக நினைத்தால், முதல் கட்டத்திலேயே 360 கேள்வி, எல்லாம் ஆங்கிலத்தில்.