திகதி முத்திரை

தொழிற்பயிற்சியின் இரண்டாம் வருடம் என் மேசையில் ஒரு திகதி முத்திரை இருந்தது. இங்கே சுவிஸில் ஒரு சின்ன ஊரின் நிர்வாகக் கந்தோர். வருகிற கடிதங்களில் கிடைத்த திகதியைக் குத்துவது என் வேலை. ஒருநாள் ஒரு அம்மா உதவிப்பண விண்ணப்பத்தோடு வந்தார். கடைசித் திகதி முதல்நாளே முடிந்துவிட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார். முத்திரையின் சில்லை ஒரு இலக்கம் பின்னுக்குத் திருப்பினால் சரி. ஒருவரும் பார்க்கவில்லை. நான் அன்றைய திகதியையே குத்தினேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

சில மாதம் கழித்து றைன் கரையில் சைக்கிள் ஓடப் போனேன். சென்காலன் மாநிலத்தின் டீபோல்ட்சவுக்கும் ஒஸ்திரியாவின் ஹோஹெனெம்ஸுக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது. 2012 இல் அதற்குப் பவுல் குரூனிங்கரின் பெயரை வைத்திருக்கிறார்கள். யார் இவர் என்று கைத்தொலைபேசியில் தேடினேன். அவர் செய்த குற்றமும் ஒரு திகதிதான்.

குரூனிங்கர் முதலில் ஆசிரியர். நல்ல உதைபந்தாட்டக்காரரும்கூட. 1915 இல் சுவிஸ் சம்பியனான சென்காலன் புறூல் கழகத்தில் விளையாடியவர். 1919 இல் பொலிஸில் சேர்ந்து, பிறகு மாநிலப் பொலிஸின் கப்டன் ஆனார். புரட்சிக்காரர் இல்லை, ஒழுங்கான அரச ஊழியர்.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஒஸ்திரியாவை விழுங்கினார். யூதர்கள் எல்லைக்கு ஓடிவந்தார்கள். ஓகஸ்டில் சுவிஸ் அரசு எல்லையை மூடியது. அதற்கு முன் வந்தவர்கள் இருக்கலாம், பின் வந்தவர்கள் திரும்பவேண்டும். குரூனிங்கர் பின் வந்தவர்களின் பத்திரங்களில் முந்திய திகதியை எழுத வைத்தார். டீபோல்ட்சவில் பழைய எம்பிராய்டரித் தொழிற்சாலை ஒன்றில் அகதிமுகாம் இயங்கியது. காப்பாற்றப்பட்டவர்கள் பல நூறு பேர். 3,600 வரை சொல்பவர்களும் உண்டு.

அப்பா எண்பதுகளில் இங்கே தஞ்சம் கேட்டவர். விசாரணைக்கு முதல்நாள் முகாமில் ஒரு அண்ணை அவருக்குச் சொன்னது ஒன்றுதானாம்: "தம்பி, திகதியை மட்டும் மாறிச் சொல்லிப்போடாதை." ஒரு திகதி பிழைத்தால் முழுக் கதையும் பொய்யாகிவிடும். ஒரு இலக்கம் எவ்வளவு கனம் என்று அகதி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

1939 வசந்தத்தில் குரூனிங்கர் பிடிபட்டார். வேலை போனது, ஓய்வூதியமும் போனது. 1940 இல் நீதிமன்றம் கடமை தவறியதற்கும் பத்திர மோசடிக்கும் 300 பிராங்க் தண்டம் போட்டது. காசு வாங்கினார் என்ற வதந்தி பரவியது. அதற்கு ஆதாரம் எதுவும் வரவில்லை. லோசானில் படித்த மகள் ரூத் படிப்பை விட்டு வேலைக்குப் போனார். அவர் பிறகு சின்னச் சின்ன வேலைகள் செய்து, 1972 இல் வறுமையிலேயே இறந்தார். அதே சென்காலன் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று தீர்த்தது 1995 இல். போனவருக்கு என்ன பிரயோசனம் என்று அம்மா கேட்டா. மகள் உயிரோடிருந்தா, அதைக் கேட்டா என்றேன்.

அரசியலுக்குப் போகும் ஆசை உள்ளவர்கள் குரூனிங்கரைவிட அவருடைய மேலதிகாரியைப் படியுங்கள். வலன்டீன் கீல், மாநில அரசில் பொலிஸுக்குப் பொறுப்பான சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். அகதிகள் பக்கம் நின்றவர். நடப்பதில் கணிசமான பகுதி அவருக்குத் தெரிந்திருந்தது. மத்திய அரசு கேள்வி கேட்டதும் கையை விட்டுவிட்டார். கெட்டவர் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. அவருக்கும் பதவி இருந்தது, எதிர்க்கட்சி இருந்தது, தேர்தல் இருந்தது. நானாக இருந்தால் குரூனிங்கராக அல்ல, கீலாகத்தான் இருந்திருப்பேனோ என்ற பயம் எனக்கு உண்டு.

பாலத்தில் நின்றபோது முதலில் நினைத்தது, நானும் சில்லைத் திருப்பியிருக்கவேண்டும் என்று. வீட்டுக்கு வந்து மேலும் வாசித்தபோது அது அவ்வளவு சுலபமாக இல்லை. அங்கே திரும்பிப் போனால் வதைமுகாம். இங்கே ஒரு மாதப் பணம். இரண்டையும் ஒன்றாக்கினால் அவரைச் சிறுமைப்படுத்துவேன். அதோடு, குரூனிங்கர் பேனாவை எடுப்பதற்கு முன் வாயைத் திறந்தவர். எல்லையை மூடுவதற்கு இரண்டு நாள் முந்தி, 1938 ஓகஸ்ட் 17 இல் நடந்த மாநிலப் பொலிஸ் அதிகாரிகளின் கூட்டத்தில், இவர்களைத் திருப்பி அனுப்புவது மனிதத்தன்மைக்கு ஒவ்வாது என்று எல்லார் முன்னும் சொன்னார். கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் திகதி.

நான் அதைச் செய்யவில்லை. பக்கத்து அறையில் பொறுப்பதிகாரி இருந்தார். விதிவிலக்குக் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். பயிற்சிக்காரி, அதுவும் வெளிநாட்டுப் பெயர்க்காரி, ஏன் வாயைக் கொடுப்பான் என்று இருந்துவிட்டேன். எனக்கு உறுத்துவது முத்திரை இல்லை, அந்தக் கதவு.

இப்போது வேறு கந்தோர். இங்கேயும் முத்திரை உண்டு. இதுவரை மூன்றுதரம் கதவைத் தட்டியிருக்கிறேன். இரண்டுதரம் இல்லை என்றார்கள். ஒருதரம், கடிதத்தைக் கொண்டுவா பார்ப்போம் என்றார்கள்.