காற்றும் ஒரு ஸ்பிரிங்தான்

மார்ச் முடிந்து, ஆடிட்டும் முடிந்து இப்போதுதான் மூச்சுவிட முடிகிறது. மூச்சு என்றதும் சொல்ல வந்த விஷயமும் காற்றுதான். ஏர் கன் தெரியும் இல்லையா? சிதம்பரம் தேர்த் திருவிழாவில் கீழவீதியில் பலகையில் பலூன் கட்டி வைத்திருப்பார்களே, அதே துப்பாக்கி. குறி முள்ளை வேண்டுமென்றே வளைத்து வைத்திருப்பார்கள் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. (எனக்கு விழாததற்குக் காரணம் அதுதான், சத்தியமாக :-))

அந்தத் துப்பாக்கிக்குள் இருப்பது ஒரு இரும்புச் சுருள். குழலை மடக்கும்போது பிஸ்டன் பின்னால் போய் சுருளை அழுத்தி மாட்டிக்கொள்ளும். விசையை இழுத்ததும் சுருள் விரிந்து பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் முன்னால் இருக்கும் காற்றை நசுக்க, அந்தக் காற்று ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பாய்ந்து ஈயக் குண்டைத் தள்ளும். இப்போது சிலர் இந்த இரும்புச் சுருளைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் 'கேஸ் ராம்' போடுகிறார்கள். அதிக அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்து சீல் வைத்த ஒரு உருளை, அதற்குள் போய் வரும் ஒரு தண்டு. அவ்வளவுதான். காரின் பின்கதவைத் தூக்கிப் பிடிக்கிறதே ஒரு கம்பி, அதன் பங்காளி. ஆபீஸ் நாற்காலியைத் தூக்கி இறக்குவதும் இதே ஜாதிதான். எங்கள் கிளையில் ஒரு நாற்காலி உட்கார்ந்தால் மெதுவாகக் கீழே இறங்கும், கஸ்டமர் கண்ணுக்கு நான் பாதி மறைந்துவிடுவேன். சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

நான் பி.காம். பௌதிகத்துக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முடிந்தது. ஆனால் இதில் ஒரு சரித்திரம் ஒளிந்திருக்கிறது, அதுதான் என்னை இழுத்துக்கொண்டு போனது.

1660-ல் ராபர்ட் பாயில் காற்றைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதன் தலைப்பிலேயே 'காற்றின் ஸ்பிரிங்' என்றுதான் எழுதினார். நசுக்கினால் எதிர்த்துத் தள்ளும், விட்டால் விரியும், அப்படியானால் காற்றும் ஒரு சுருள்தானே என்பது அவர் கணக்கு. 1662-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த பாயில் விதி வருகிறது. அவருக்குக் காற்றுப் பம்பு கட்டிக் கொடுத்த உதவியாளர் யார் தெரியுமா? ராபர்ட் ஹூக். இரும்புச் சுருளை எவ்வளவு இழுக்கிறோமோ அந்த அளவுக்கு விசை கூடும் என்று விதி சொன்ன அதே ஹூக்! யாராவது திருடிவிடுவார்கள் என்று 1676-ல் எழுத்துக்களைக் கலைத்துப் போட்டு விடுகதை மாதிரி வெளியிட்டுவிட்டு, 1678-ல்தான் விடையைச் சொன்னார். ஆக இரும்புச் சுருளும் காற்றுச் சுருளும் ஒரே பட்டறையில் வளர்ந்த அண்ணன் தம்பிகள். துப்பாக்கிக்குள் இருவரும் இடம் மாறிக்கொள்ள முன்னூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

நடுவில் என்ன நடந்தது? காற்றை முன்கூட்டியே ஒரு கலத்தில் அடைத்து வைத்துச் சுடும் துப்பாக்கிதான் முதலில் பெரிய பேர் வாங்கியது. ஜிரண்டோனி என்பவர் வடிவமைத்ததை 1780 வாக்கில் ஆஸ்திரியப் படை எடுத்துக்கொண்டது. அடிக்கட்டையே காற்றுக் கலம். புகை இல்லை, குண்டுகளை வரிசையாகப் போட்டுச் சுடலாம். ஆனால் கலத்தை நிரப்ப ஆயிரத்துச் சொச்சம் தடவை பம்பு அடிக்க வேண்டும். போர்க்களத்தில் யார் சைக்கிள் பம்போடு நிற்பது? சில பத்தாண்டுகளில் கைவிட்டார்கள். 1803-ல் கிளம்பி அமெரிக்காவைக் குறுக்கே கடந்த லூயிஸ், கிளார்க் கோஷ்டியும் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுபோய், வழியில் சந்தித்த பூர்வகுடிகளுக்குச் சுட்டுக் காட்டி அசத்தினார்கள்.

சுருள் வைத்த துப்பாக்கி இப்போதிருக்கும் உருவத்துக்கு வந்தது இங்கிலாந்தில், பர்மிங்காமில். லிங்கன் ஜெஃப்ரீஸ் 1904-ல் காப்புரிமை எடுத்தார், 1905-லிருந்து பி.எஸ்.ஏ. கம்பெனி செய்து தள்ளியது. ஜெர்மனியில் டயானா. நம் நாட்டில் இதைச் செய்த கம்பெனிகளில் ஒன்றின் பேர் கேட்டால் சிரிப்பீர்கள். இந்தியன் ஹியூம் பைப். ஆமாம், 1926-ல் வால்சந்த் ஹிராசந்த் ஆரம்பித்த, தண்ணீர்க் குழாய் போடும் அதே கம்பெனிதான்! குழாயில் தண்ணீர் போனால் என்ன, ஈயம் போனால் என்ன என்று நினைத்தார்களோ என்னவோ.

கேஸ் ராம் வந்தது 1980களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் தியோபென் கம்பெனி மூலம். தியோபால்ட், பென் என்ற இருவரின் பேரை ஒட்டி வைத்த பேர். அவர்கள் உருளையில் பம்பு வைத்து அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். ஜெர்மனியின் வைராக் கம்பெனி அதே முறையை வாங்கி எச்.டபிள்யூ. 90 என்ற மாடலைச் செய்தது. 2000களின் கடைசியில் அமெரிக்காவின் குரோஸ்மன் 'நைட்ரோ பிஸ்டன்' என்று பேர் சூட்டி மலிவாகக் கொண்டுவந்த பிறகுதான் சாதாரண ஆட்கள் கைக்கு வந்தது. இங்கே பிரிசிஹோல் மாதிரி இந்தியக் கம்பெனிகளும் கேஸ் ராம் மாடல்கள் விற்கின்றன.

என்ன லாபம்? சுருள் விரியும்போது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், 'டொய்ங்' என்று அதிரும். நேரம் போகப் போகத் தளரும். ராமில் முறுக்கல் இல்லை, அதிர்வு குறைவு, பிஸ்டன் வேகமாகக் கிளம்பும், மடக்கி வைத்தபடியே காத்திருந்தாலும் தளராது. நஷ்டம்? சுருள் ஆரம்பத்தில் இலகுவாக மடங்கிப் போகப் போகத்தான் இறுகும். ராம் முதல் அங்குலத்திலிருந்தே முறைக்கும். என் பாஷையில் சொன்னால் சுருள் என்பது வருஷா வருஷம் தேய்மானம் கழிக்கும் சொத்து. ராம் கடைசி நாள் வரை முழு மதிப்பில் இருந்துவிட்டு, சீல் போன அன்று மொத்தமாக ரைட் ஆஃப்.

இதெல்லாம் இந்த பேங்க்காரனுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நான் குடியிருப்பது காக்ஸ் டவுனில். காக்ஸ் என்ற கலெக்டரின் பேரில் அமைந்த பேட்டை. கன்டோன்மென்ட் காலத்திலிருந்தே தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதி. அல்சூர் ஏரிப் பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ் படை இருப்பதால் தெருவுக்கு ஒரு ரிட்டையர்ட் சாப்பராவது இருப்பார். எங்கள் தெரு சாப்பர் தாத்தாவிடம் ஒரு பழைய ஹியூம் பைப் ஏர் ரைஃபிள் உண்டு. பேரன் கல்லூரியில் படிக்கிறான். அதில் பெரிய ராம் போட்டு 'பவர்' ஏற்ற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். தாத்தா என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்க ரூல்ஸ் படிக்கிறவரு. இது சரியா தப்பான்னு பார்த்துச் சொல்லுங்க. இவன் பேரு போலீஸ் ஸ்டேஷன்ல ஏறினா நான் தாங்கமாட்டேன்."

படித்தேன். முன்பெல்லாம் தேவதாருப் பலகையில் சுட்டு, துளைக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. 2016 ஆயுத விதிகளில் கணக்கு ஜூலுக்கு மாறியது. துளை 4.5 மி.மீட்டரைத் தாண்டினாலோ, சக்தி 20 ஜூலைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். அதாவது கடையில் வாங்கும்போது பொம்மை மாதிரி இருந்தது, வீட்டில் ஒரு உருளையை மாற்றியதும் ஆயுதமாகிவிடலாம். பறவையைச் சுடுகிறேன் என்று கிளம்பினால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனி. எங்கள் புவனகிரிப் பக்கம் வயலில் கொக்கு, மடையான் சுட்டவர்களை எனக்குத் தெரியும். தப்பென்றே தெரியாமல் செய்தார்கள்.

பேரனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கணக்குப் போட்டோம். குண்டின் எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். அரை கிராம் குண்டு நொடிக்கு 283 மீட்டர் வேகத்தில் போனாலே 20 ஜூல். அவன் கனவு கண்ட வேகம் அதற்கும் மேலே. முகம் தொங்கிப்போனது. இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தப் பழைய துப்பாக்கியில் பிஸ்டனின் நடுவே ஒரு தண்டு உண்டு, விசை பிடித்துக்கொள்வது அதைத்தான். ராம் உட்கார வேண்டியதும் அதே நடு இடம்! இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம். பிஸ்டனின் விளிம்பைப் பிடிக்கும் விசை உள்ள துப்பாக்கிக்குத்தான் ராம் சுலபமாகப் பொருந்தும். வைராக் கம்பெனி எச்.டபிள்யூ. 90-க்கென்று தனி விசை வைத்ததும் இந்தச் சங்கடத்தால்தான்.

"அப்போ ஒலிம்பிக்ஸ்ல கேஸ் ராமா வெச்சிருக்காங்க அங்கிள்?" என்றான். நல்ல கேள்வி. இல்லவே இல்லை. 1984-ல் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் ஒலிம்பிக்கில் நுழைந்தது. ஆரம்ப காலப் போட்டித் துப்பாக்கிகளில் அதிர்வை விழுங்கும் சுருள் வகைகளும் உண்டு. பிறகு எல்லோரும் அடைத்து வைத்த காற்றுக்குப் போய்விட்டார்கள், அதாவது ஜிரண்டோனி வழிக்கே. 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் பிரிவில்தான். 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய இளவேனில் வாலறிவன் எங்கள் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த பெண். ஊரை விட்டுப் போன தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை என்பதால் எனக்குக் கூடுதல் பாசம். அந்தப் போட்டித் துப்பாக்கிகளின் சக்தி வெறும் 7, 8 ஜூல் என்றதும் பையன் நம்பவில்லை. காட்டிய பிறகு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான்.

கடைசியில் தாத்தாவின் துப்பாக்கிக்குப் புதுச் சுருளும் புது வாஷரும் போட்டார்கள். கிளப்பில் வேகம் அளந்தபோது 7.4 ஜூல் வந்தது. பேரன் இப்போது சனிக்கிழமைகளில் அதோடுதான் போகிறான். ராம் வைத்த துப்பாக்கிக்குத் தனியாகக் காசு சேர்க்கிறானாம். ரெக்கரிங் டெபாசிட் நான்தான் திறந்து கொடுத்தேன். 18 மாசம்.