தொகுப்பு உயிரியல் மென்பொருளில் உயிரியல் பாதுகாப்பு

தொகுப்பு உயிரியல் மென்பொருளில் உயிரியல் பாதுகாப்பு என்பது, மரபணுத் தொடர்களை வடிவமைக்கவும் ஒப்பிடவும் தேர்ந்தெடுக்கவும் உதவும் கணினி நிரல்களை உருவாக்குவோர் கைக்கொள்ள வேண்டிய முன்னெச்சரிக்கைகளைக் குறிக்கும். இத்தகைய நிரல்களை எழுதும் மாணவர் பலர் நுண்ணுயிர் எதனையும் கையால் தொடுவதில்லை. எனினும், நிரல் தரும் விடையை நம்பிப் பிறிதொருவர் ஆய்வகத்தில் உயிரி ஒன்றை வளர்க்கக்கூடும். ஆகவே நிரலில் நேரும் பிழை ஆய்வகத்தில் நேரும் பிழையாக மாற இடமுண்டு.

இத்துறையில் இரண்டு கருத்துகள் வேறுபடுத்திக் காட்டப்படுகின்றன. தற்செயலான தொற்று, கசிவு ஆகியவற்றிலிருந்து மனிதரையும் சுற்றுச்சூழலையும் காப்பது உயிரியல் பாதுகாப்பு எனப்படும். உயிரிகளோ அவை பற்றிய அறிவோ வேண்டுமென்றே தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுப்பது உயிரியல் காவல் எனப்படும். மென்பொருள் திட்டங்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் இணைந்தே எழுகின்றன.

பின்னணி

2002 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் இசுட்டோனி புரூக்கில் உள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பொதுத் தரவுத்தளத்தில் இருந்த தொடரையும் விலைக்கு வாங்கிய டி.என்.ஏ. துண்டுகளையும் கொண்டு போலியோ தீநுண்மத்தைத் தொகுத்தனர். அதன் மரபுத்தொகுதி ஏறத்தாழ 7,500 எழுத்துகள் கொண்டது. கணினியில் உள்ள எழுத்துவரிசையிலிருந்து தொற்றும் தன்மையுள்ள தீநுண்மத்தை உருவாக்க இயலும் என்பதை இவ்வாய்வு காட்டியது. இதன் பின்னர், டி.என்.ஏ. தொகுப்பு நிறுவனங்கள் தமக்கு வரும் கோரிக்கைகளைச் சரிபார்க்க வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. 2009 இல் பன்னாட்டு மரபணுத் தொகுப்புக் கூட்டமைப்பு உருவானது. 2010 இல் ஐக்கிய அமெரிக்க அரசு இது தொடர்பான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இந்நெறிகள் கட்டாயச் சட்டமல்ல, தன்விருப்பப் பரிந்துரைகளே.

மாணவர் திட்டங்கள்

மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் 2003 இல் ஒரு பாடமாகத் தொடங்கி, 2004 இல் ஐந்து அணிகளுடன் போட்டியாக மாறிய ஐஜெம், மாணவர்களின் தொகுப்பு உயிரியல் முயற்சிகளுக்கு முதன்மைக் களமாக உள்ளது. சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழக மாணவர் அணி 2008 முதல் இப்போட்டியில் பங்கேற்றுள்ளது. இக்கழகத்தின் ஐஜெம் மாணவர்கள் உருவாக்கிய சேசிடெக்சு என்னும் திறந்த தரவுத்தளம் பற்றிய கட்டுரை 2019 இல் முன்பதிப்பாக வெளிவந்தது. தொகுப்பு உயிரியலில் பயன்படும் ஓம்புயிரிகளின் வளர்ப்பு முறை, குலவகைகள், மரபியற் கருவிகள் முதலிய தகவல்களை ஓரிடத்தில் தருவது இதன் நோக்கமாகும்.

இவ்வகைத் தரவுத்தளங்களில் பாதுகாப்பு என்பது முதலில் தகவலின் துல்லியத்தைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, எசரிக்கியா கோலை என்பது ஓர் இனம். அதன் கே-12 குலவகை தீங்கற்றது. தீவாய்ப்புக் குழு 1 இல் வைக்கப்படுவது. ஓ157:எச்7 குலவகையோ கடும் குருதி வயிற்றுப்போக்கை உண்டாக்குவது. இனப்பெயரை மட்டும் பதிந்து குலவகையை விட்டுவிடும் நிரல், இவ்விரண்டையும் ஒன்றாகக் காட்டிவிடும். பயனர் தமக்குத் தேவையான அடைப்பு நிலையைத் தவறாகக் கணிக்க இது காரணமாகலாம்.

தொடர் சரிபார்ப்பு

பாதுகாப்பையே நோக்கமாகக் கொண்ட மாணவர் மென்பொருளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு செனோதிரட் ஆகும். வர்சீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் பிரான்சின் என்சிமாக் கல்விநிறுவனமும் இணைந்த ஐஜெம் அணி 2010 இல் இதனை எழுதியது. அமெரிக்க வழிகாட்டு நெறிகள் சொற்களால் கூறியதை நிரலாக்கி, அவை நடைமுறையில் எவ்வாறு இயங்குகின்றன என்று இவ்வணி சோதித்தது. அந்நெறிகளின் வலிமைகளையும் குறைகளையும் கூறும் இவர்களின் ஆய்வு 2011 இல் நேச்சர் பயோடெக்னாலசி இதழில் வெளியானது.

அந்நெறிகளின்படி, கோரப்பட்ட தொடர் 200 எழுத்துத் துண்டுகளாக ஆராயப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் ஆறு வாசிப்புச் சட்டங்களில் புரதத் தொடராகவும் மாற்றப்பட்டு, பொதுத் தரவுத்தளத்துடன் ஒப்பிடப்படுகிறது. மிக நெருங்கிய ஒப்புமை கட்டுப்படுத்தப்பட்ட நோய்க்காரணியுடன் அமைந்தால் மட்டுமே எச்சரிக்கை எழுப்பப்படும். பல உயிரிகளுக்கும் பொதுவான மரபணுக்கள் வீண் எச்சரிக்கை தராமல் இருக்கவே இம்முறை வகுக்கப்பட்டது. ஆயினும் ஆந்திராக்சு நோயை உண்டாக்கும் பேசில்லசு ஆந்திராசிசும் அதன் நெருங்கிய உறவான பேசில்லசு சீரியசும் பெரிதும் ஒத்திருப்பதால், எழுத்தொப்புமையை மட்டும் கொண்டு தீங்கை அளவிடுவது கடினம். 2023 இல் திருத்தப்பட்ட நெறிகள், ஆராயும் துண்டின் அளவைப் படிப்படியாக 50 எழுத்துகளாகக் குறைக்கப் பரிந்துரைத்தன.

தவறான எச்சரிக்கைகள் மிகுந்தால் அவற்றைப் பார்ப்பவர் அசட்டையாகிவிடுவர். தவறான அனுமதி ஒன்றே ஆயினும் விளைவு பெரிது. இவ்விரண்டுக்கும் இடையே எல்லை வகுப்பதே சரிபார்ப்பு மென்பொருளின் முதன்மைச் சிக்கலாகும். இறுதி முடிவை நிரலிடம் விடாமல், துறையறிந்த ஒருவரின் ஆய்வுக்கு அனுப்புவது வழக்கமாகும்.

புதிய இடர்கள்

2022 இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்க மருந்தாய்வு நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர்கள், நச்சுத்தன்மையைத் தவிர்க்கப் பயன்பட்ட செயற்கை நுண்ணறிவு நிரலின் அளவுகோலைத் தலைகீழாக்கிச் சோதித்தனர். ஆறு மணி நேரத்திற்குள் 40,000 மூலக்கூறுகளை அது பரிந்துரைத்தது. அவற்றுள் அறியப்பட்ட நரம்பு நச்சுகளும் இருந்தன. மூலக்கூறு எதுவும் உருவாக்கப்படவில்லை. நன்னோக்கில் எழுதிய நிரலும் சிறு மாற்றத்தால் திசைமாறக்கூடும் என்பதற்கு இது சான்றாகக் கூறப்படுகிறது.

2025 இல் சயன்சு இதழில் வெளியான மற்றோர் ஆய்வு, செயற்கை நுண்ணறிவால் மாற்றி எழுதப்பட்ட நச்சுப் புரதத் தொடர்கள் சிலவற்றை அப்போதைய சரிபார்ப்பு மென்பொருள்கள் தவறவிட்டதைக் காட்டியது. குறை வெளியாகுமுன் திருத்தம் உரிய நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டது. நுணுக்கமான தரவுகள் பொதுவில் இடப்படாமல், தகுதி ஆராயப்பட்டோருக்கு மட்டும் தரும் ஏற்பாடும் செய்யப்பட்டது. மென்பொருளை முழுவதும் திறந்துவிடுவது, முழுவதும் மூடிவைப்பது என்னும் இரண்டுக்கும் இடைப்பட்ட வழி இதுவாகும்.

இந்தியச் சட்ட நிலை

இந்தியாவில் மரபணு மாற்றிய உயிரிகள் தொடர்பான பணிகள், 1986 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989 இல் இயற்றப்பட்ட விதிகளால் கட்டுப்படுத்தப்படுகின்றன. இவற்றின்படி ஆய்வு நிறுவனங்களில் உயிரியல் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட வேண்டும். உயிரித் தொழில்நுட்பத் துறை 2017 இல் விரிவான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இவை பெரும்பாலும் உயிரியைக் கையாளும் செயலையே நோக்குகின்றன.

ஆயினும் மென்பொருள் சட்டத்திற்கு முற்றிலும் அப்பாற்பட்டதன்று. 2005 ஆம் ஆண்டின் பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான சட்டம் உயிரியல் ஆயுதங்களைத் தடைசெய்கிறது. இந்தியாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலான இசுகோமெட்டில், தொழில்நுட்பம் என்பதன் வரையறை மென்பொருளில் அடங்கிய தகவலையும் உள்ளடக்கும். பொதுவில் உள்ள தகவல் இதற்கு விலக்காகும்.

உள்ளூர்ச் சூழல்

தென்சென்னையில் பெருங்குடியும் அதனை அடுத்த தரமணியும் மென்பொருள் நிறுவனங்களும் உயிரித் தொழில்நுட்பப் பூங்காவும் அருகருகே அமைந்த பகுதிகளாகும். பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியுள்ளது. இச்சதுப்புநிலம் 2022 இல் இராம்சார் இடமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய கிடங்கின் மாசைச் சிதைக்கும் நுண்ணுயிருக்கான மரபணுச் சுற்றினை மாணவர் ஒருவர் கணினியில் வடிவமைப்பதற்குத் தடையில்லை. அதனை ஆய்வகத்தில் உருவாக்க நிறுவனப் பாதுகாப்புக் குழுவின் மேற்பார்வை தேவை. திறந்த வெளியில் விடுவதற்கு மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் இன்றியமையாதது. ஐஜெம் போட்டி விதிகளும் மரபணு மாற்றிய உயிரிகளை ஆய்வகத்திற்கு வெளியே விடுவதை அனுமதிப்பதில்லை. சதுப்புநிலத்தில் கலந்த நுண்ணுயிரைத் திரும்பப் பெற வழியில்லை என்பதே இப்படிநிலைகளின் காரணமாகும்.

மாணவர் அணிகளுக்கான நடைமுறைகள்

* உயிரியின் இனப்பெயருடன் குலவகையையும் தீவாய்ப்புக் குழுவையும் பதிதல்.
* தகவல் பெற்ற இடத்தையும் நாளையும் குறித்தல். தெரியாததை வெற்றிடமாக விடாது, தெரியவில்லை என்றே காட்டுதல்.
* வடிவமைப்பு நிரல் வெளியிடும் தொடர்களைச் சரிபார்ப்பு நிரலுக்கு உட்படுத்துதல். 2024 இல் செனீவாவில் தொடங்கப்பட்ட ஐபிசு அமைப்பு இதற்கான கட்டற்ற மென்பொருளை வழங்குகிறது.
* நிரல் எவ்வாறு தவறாகப் பயன்படக்கூடும் என்பதை, வெளியிட்ட பின்னரன்றித் திட்டத்தின் தொடக்கத்திலேயே ஆராய்தல்.
* ஆய்வகப் பணி இல்லாவிடினும், வழிகாட்டும் ஆசிரியரிடமும் நிறுவனப் பாதுகாப்புக் குழுவிடமும் கருத்துக் கேட்டல்.

இவற்றையும் பார்க்க

* தொகுப்பு உயிரியல்
* மரபணுப் பொறியியல்
* உயிர் தகவலியல்
* பள்ளிக்கரணை சதுப்புநிலம்