டோரும் அதன் இணைய அமைப்புகளும்: ஒரு வரலாறு

உலாவியின் அமைப்புப் பக்கத்தில், அடியில் எங்கோ, ‘புரோக்ஸி’ என்று ஒரு பகுதி இருக்கும். நம்மில் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டோம். 2000களின் நடுவில் டோர் என்ற மென்பொருளைப் பயன்படுத்த விரும்பியவர் அங்கே போய் 127.0.0.1 என்ற முகவரியையும் 9050 என்ற எண்ணையும் தாமே தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. முகவரி அவருடைய சொந்தக் கணினியையே குறிக்கும். 9050 என்பது அந்தக் கணினிக்குள் டோர் காத்திருக்கும் போர்ட். ‘வெளியே போவதையெல்லாம் முதலில் இந்த வாசலுக்குக் கொண்டு வா’ என்று உலாவிக்குச் சொல்வதுதான் அது. பார்க்கப்போனா சின்ன வேலை. ஆனால் அதில் தவறினால், ஒளிந்திருப்பதாக நினைப்பவர் வெட்டவெளியில் நிற்பார். அது அவருக்கே தெரியாது.

எதற்காக இந்தச் சுற்றுவழி? மறையாக்கம் செய்தால் கடிதத்தின் உள்ளடக்கத்தை மறைத்துவிடலாம். உறையின்மேல் இருக்கும் ‘யாரிடமிருந்து யாருக்கு’ என்பது மறையாது. இணையத்தில் ஐபி முகவரிதான் அந்த உறை. 1981இல் டேவிட் சௌம் என்ற கணினி அறிஞர் மின்னஞ்சலுக்கு இதற்கான ஒரு வழியை எழுதிக் காட்டினார். 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட், பால் சிவர்சன் மூவரும் உலாவுதல் போன்ற உடனடிப் பயன்பாட்டுக்கும் பொருந்தும் வழியைத் தேடினார்கள். செய்தியைப் பல அடுக்கு மறையாக்கத்தில் சுற்றி, பல கணினிகள் வழியே அனுப்புவது அவர்கள் திட்டம். ஒவ்வொரு கணினியும் தனக்குரிய ஓர் அடுக்கை மட்டும் உரிக்கும். தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். வெங்காயத்தை உரிப்பதுபோல இருந்ததால் ‘ஆனியன் ரூட்டிங்’ என்று பெயர் வைத்தார்கள்.

இங்கேதான் ஒரு வினோதமான சிக்கல். கடற்படை மட்டும் அந்த வலையமைப்பைப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? அதிலிருந்து வெளியே வரும் எதைப் பார்த்தாலும் ‘இது அமெரிக்கக் கடற்படை’ என்று எவரும் சொல்லிவிடலாம். முகம் தெரியாமல் இருக்கக் கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டத்தில் எல்லா வகை மனிதர்களும் இருக்க வேண்டும். இராணுவ ஆய்வகத்தில் பிறந்த ஒன்று பொதுமக்கள் கைக்கு வந்ததற்கு இது முக்கியமான காரணம். சிவர்சனுடன் ரோஜர் டிங்கிள்டைன், நிக் மாத்யூசன் இருவரும் சேர்ந்து உருவாக்கிய டோர் வலையமைப்பு 2002 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. அதன் நிரல் கட்டற்ற உரிமத்தில் வெளியானது. 2006இல் ‘டோர் புராஜெக்ட்’ இலாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவானது. (தேர்வுக்குப் படிப்பவர்கள் ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் கேள்வி வந்தால் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள், ஆண்டுக்கு மட்டும் மதிப்பெண் கிடைக்காது.)

பழைய ஆனியன் ரூட்டிங்கில் ஒவ்வொரு வகைப் பயன்பாட்டுக்கும் தனித்தனிப் பதிலி நிரல் எழுத வேண்டியிருந்தது. பெரும்பாலானவற்றை யாரும் எழுதவே இல்லை. டோரை வடிவமைத்தவர்கள் ஏற்கெனவே பல மென்பொருள்களுக்குப் பழக்கமான ‘சாக்ஸ்’ என்ற புரோக்ஸி முறையை எடுத்துக்கொண்டார்கள். அதனால் வேலை எளிதானது. கூடவே ஓர் ஓட்டையும் வந்தது.

நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால் கணினி முதலில் அந்தப் பெயருக்குரிய எண் முகவரியை டிஎன்எஸ் சேவையகத்திடம் கேட்கும். பெரும்பாலும் அது நம் இணையச் சேவை நிறுவனத்துடையது. சாக்ஸ் முறையின் சில வகைகளில், உலாவி இந்தக் கேள்வியை டோருக்கு வெளியே நேராகக் கேட்டுவிட்டு, கிடைத்த எண்ணை மட்டும் டோரிடம் கொடுக்கும். மாறுவேடம் போட்டு மூன்று டாக்சி மாறிப் போகிறவர், கிளம்பும்முன் வீட்டுக்குக் கீழே உள்ள கோப்பிக்கடையில் ‘இந்த முகவரிக்கு எப்படிப் போகணும்?’ என்று சத்தமாகக் கேட்ட கதைதான்! 2004இல் வெளிவந்த டோர் ஆய்வுக் கட்டுரையிலேயே இந்த அபாயத்தை எழுதியிருந்தார்கள்.

இதைத் தடுக்க உலாவிக்கும் டோருக்கும் நடுவில் ‘பிரிவாக்ஸி’ என்ற இன்னொரு மென்பொருளை வைக்கச் சொன்னார்கள். அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்கணும், அந்த வரியின் கடைசியில் ஒரு புள்ளி இருக்கும். ‘புள்ளியை மறந்துவிடாதீர்கள்’ என்று வழிகாட்டியிலேயே எழுதியிருந்தது. பாவம், எத்தனை பேர் அந்தப் புள்ளியோடு போராடினார்களோ.

2006இல் டிங்கிள்டைனும் மாத்யூசனும் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் தொல்லையை வேறு கோணத்தில் பார்த்தது. அமைப்பது கடினமானால் குறைவான பேரே வருவார்கள். கூட்டம் குறைந்தால், சரியாக அமைத்தவர்களுக்கும் பாதுகாப்பு குறையும். ஆகவே எளிமை என்பது வசதி மட்டுமல்ல, பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது என்றார்கள். என் பார்வையில் டோர் வரலாற்றின் திருப்பம் இதுதான், மறையாக்கக் கணக்கு அல்ல.

அதன்பின் வந்தவையெல்லாம் அமைப்பு வேலையைப் பயனரிடமிருந்து வாங்கிக்கொள்ளும் முயற்சிகள். ‘விடாலியா’ படப்பலகையைக் கொடுத்தது. ‘டோர்பட்டன்’ ஃபயர்ஃபாக்ஸில் ஒரு பொத்தானை வைத்தது: அழுத்தினால் டோர், மறுபடி அழுத்தினால் சாதாரண உலாவல். நல்ல யோசனை மாதிரிதான் தெரிந்தது. ஆனால் தாங்கள் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதிலேயே பயனர்கள் குழம்பினார்கள். 2011இல் அந்தப் பொத்தான் முறையைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். 2008இல் தொடங்கிய டோர் உலாவி, எல்லாவற்றையும் முன்கூட்டியே அமைத்து ஒரே பொட்டலமாகக் கொடுத்தது.

தடை செய்யும் நாடுகளில் மட்டும் அமைப்புப் பக்கத்துக்கு வேலை மிஞ்சியது. 2009 செப்டம்பரில் சீனா டோரின் பொது இடைக்கணினிகளில் பெரும்பகுதியை முடக்கியது. பட்டியலில் இல்லாத ‘பாலங்கள்’ வழியே இணைய வேண்டியதாயிற்று. 2012 பிப்ரவரியில் ஈரான் மறையாக்கப் போக்குவரத்தையே தடுத்தபோது, டோர் போக்குவரத்தை வேறு ஏதோபோலக் காட்டும் ‘ஆப்ஸ்புரோக்ஸி’ அவசரமாக வெளிவந்தது.

எல்லாம் சரியாக அமைந்தும் மாட்டிக்கொண்டவர் உண்டு. 2013 டிசம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் பொய்யான வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பிய மாணவர் டோரைத்தான் பயன்படுத்தினார். விசாரித்தவர்கள் டோரை உடைக்கவில்லை. அந்த நேரத்தை ஒட்டிப் பல்கலைக்கழக வைஃபையிலிருந்து டோருக்குச் சென்றவர்கள் யார் என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். கடற்படை அஞ்சிய அதே சிக்கல்: கூட்டம் போதவில்லை.

இன்று டோர் உலாவியை நிறுவினால் ‘இணை’ என்ற பொத்தானை அழுத்துவதோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். அமைப்புகளை அதிகம் மாற்ற வேண்டாம், கூடுதல் நீட்சிகளைச் சேர்க்க வேண்டாம் என்பதே அவர்கள் அறிவுரை. ஏனென்றால் நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும். சன்னலின் அளவுகூட அப்படித்தான். 2019இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து, சன்னலைப் பெரிதாக்கினால் பக்கத்தைச் சுற்றி வெற்று ஓரம் தோன்றும். பிழை என்று நினைத்துச் சிலர் அதை நீக்கப் பார்ப்பார்கள். பக்கத்தின் அளவு பலருக்கும் ஒன்றாகத் தெரியட்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள்.