தகடூர்ப் போரும் ஆய்வேட்டின் அடிக்குறிப்பும்

தகடூர் யாத்திரை முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. இன்றைய தருமபுரியாகிய தகடூரின்மேல் சேரன் படையெடுத்த கதையைச் சொன்ன அந்நூலில் எஞ்சியிருப்பவை, பிறர் மேற்கோளாக எடுத்து, எடுத்த நூலின் பெயரையும் குறித்துவைத்த செய்யுட்களே. பெரும்பாலானவை புறத்திரட்டில் உள்ளன. 1570 செய்யுட்கள் கொண்ட அத்தொகையை எஸ். வையாபுரிப் பிள்ளை 1938இல் பதிப்பித்தார். தொகுத்தவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் அவர் எங்கிருந்து எடுத்தார் என்பது தெரிகிறது. தொல்காப்பியச் செய்யுளியலுக்கு எழுதிய உரையில் பேராசிரியர், உரைநடை விரவிய பழங்கதைக்கு எடுத்துக்காட்டாகப் பெருந்தேவனார் பாரதத்தோடு தகடூர் யாத்திரையையும் பெயர் சொல்லிக் காட்டுகிறார். நூலின் வடிவத்தை நாம் ஊகிக்க முடிவது அந்தக் குறிப்பால்தான்.

பெயர் சுட்டாத மேற்கோள்களின் கதி வேறு. புறத்திணையியல் உரையில் வரும் பெயரற்ற போர்ச்செய்யுள் ஒன்றைப் படிப்பவர், பொருளை வைத்து அதுவும் தகடூர் யாத்திரையாக இருக்கலாம் என்று எழுதுகிறார். அடுத்தவர் கைக்கு வரும்போது ‘இருக்கலாம்’ உதிர்ந்துவிடுகிறது. மூன்றாமவர் இரண்டாமவரை மட்டுமே சான்று காட்டுகிறார். உரைகாரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் எதிரே இருந்த மாணாக்கருக்கு மூலம் மனப்பாடம். நமக்கு அந்த வசதி இல்லை.

தெளிவுக்காக வரைவைத் திருத்துவதும் மூலத்தைச் சுட்டுவதும் தனித்தனி வேலைகள் என்றே ஆய்வு மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம்: முன்னது நடை, பின்னது நெறி. இரண்டும் ஒரே வேலை என்பது என் வாதம். ஆய்வேடுகளில் வழக்கமாகக் காணும் வகையில் ஒரு வாக்கியம்: ‘அதியமான் தகடூர்ப் போரில் இருபெரு வேந்தரின் துணையிருந்தும் சேரனிடம் தோற்றதாகச் சங்க இலக்கியத்தில் கூறப்படுகிறது.’ இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் கூறுவது யார்? தகடூர் அழிந்த செய்தி பதிற்றுப்பத்தின் 78ஆம் பாட்டில், அரிசில்கிழார் வாக்காகவே இருக்கிறது. அதியமானோடு இருபெரு வேந்தரையும் சேரன் வென்றான் என்பதோ எட்டாம் பத்தின் பதிகம் தரும் செய்தி. பதிகங்கள் பாட்டுகளுக்குப் பிற்பட்டவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. தோற்ற அதியமான் நெடுமான் அஞ்சியா, எழினியா என்பதிலோ இன்னும் ஒருமித்த முடிவில்லை. காலத்தால் வேறான சாட்சிகளைக் ‘கூறப்படுகிறது’ என்ற ஒற்றை வினைமுற்று ஒரே குரலாக்கிவிடுகிறது. அதைச் செய்வினையாக்கி எழுவாயைத் தேடினால் வாக்கியம் தானாகவே இரண்டாகப் பிரியும், அடிக்குறிப்புகளும் இரண்டாகும். பிரிக்க மறுக்கும் வாக்கியம், பெரும்பாலும், எழுதியவர் மூலத்தைத் திறந்து பார்க்காத வாக்கியம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிகள், பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை என்கின்றன. தேவையான விதிதான். ஆனால் மென்பொருள் எண்ணுவது சொற்களை. மேலே காட்டிய வாக்கியத்தைச் சொல் மாற்றி எழுதினால் ஒப்புமை இறங்கிவிடும். குழப்பம் அப்படியே இருக்கும்.

கல்வெட்டுச் சான்றுகளிலும் இதே சிக்கல் உண்டு, கொஞ்சம் வேறு வடிவில். தருமபுரி மாவட்டம் 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது. 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆகவே பழைய கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் இப்பகுதிக் கற்களைச் சேலத்தின்கீழ் தேட வேண்டும். 1970களில் தொல்பொருள் ஆய்வுத்துறை வெளியிட்ட நூல்களில் ‘தருமபுரி மாவட்டம்’ என்றிருப்பது இன்றைய கிருஷ்ணகிரி ஊராகவும் இருக்கலாம். நடுகற்கள் சில அருங்காட்சியகத்துக்கும் இடம்பெயர்ந்துவிட்டன. ‘தருமபுரி நடுகல்’ என்று மட்டும் எழுதும் அடிக்குறிப்பு எந்தக் கல்லையும் சுட்டுவதில்லை. அறிக்கையின் ஆண்டும் எண்ணும், கண்டெடுத்த ஊர், நூல் வெளிவந்தபோது அவ்வூர் இருந்த மாவட்டம், கல் இப்போதுள்ள இடம் ஆகியவற்றை எழுத ஒரு வரி கூடுதலாகும். ஆய்விதழ்கள் பக்கத்தைக் குறைக்கச் சொல்லும்போது முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் அந்த வரிதான். முன்னுரையில் தகடூரின் பெருமை பேசும் பத்தியை வெட்டினால் அதற்கு இடம் கிடைக்கும்.