மடை திறக்கும் மருந்து

ஒரு சிறு கண்ணாடிக் குப்பி. உள்ளே உறையவைத்து உலர்த்திய வெள்ளைப் பொடி. அதில் ஊசி நீரை விட்டபின் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். மெல்லச் சுழற்றினால் போதும், பொடி கரைந்து தெளிந்த நீராகிவிடும். வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் வராமல் போன, திண்டுக்கல் மாவட்டத்து நத்தத்துப் பெரியவர் ஒருவரின் கையில் அந்த நீர் ஏறுகிறது என்றால், அதற்குப் பின்னால் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பயணம் இருக்கிறது. அந்தப் பயணத்தில் அதிகத் தாமதம் நேர்வது கடைசி முப்பது நாற்பது கிலோமீட்டரில்தான்.

பயணம் தொடங்கியது 1933-இல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில். தொண்டைப் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி, உறைந்த மனித ரத்தத்தைக் கரைப்பதை வில்லியம் டில்லெட் என்ற மருத்துவர் கண்டார். அந்தக் கிருமியிலிருந்து வந்ததுதான் ஸ்ட்ரெப்டோகைனேஸ். மாரடைப்பில் அது ஏராளமான உயிர்களைக் காத்தது. மூளையில் மட்டும் தோற்றது. 1990-களில் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும், மூளை ரத்தக்குழாய் அடைபட்ட ஸ்ட்ரோக் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் மூளைக்குள் ரத்தக்கசிவும் மரணமும் கூடின. ஆய்வுகள் பாதியில் நிறுத்தப்பட்டன. அடைப்பு இருக்கும் இடம், இல்லாத இடம் என்று பாராமல் உடம்பு முழுக்க ரத்தம் உறையும் தன்மையையே குலைத்துவிடும் மருந்து அது. திண்டுக்கல் பூட்டுக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள், எல்லாப் பூட்டையும் திறக்கிற சாவி நல்ல சாவி இல்லை என்று.

பொருத்தமான சாவி நம் உடம்பிலேயே இருந்தது. ரத்தக்குழாயின் உள்சுவர் சுரக்கும் டிபிஏ என்ற புரதம், உறைந்த கட்டிக்குள் இருக்கும் ஃபைப்ரின் நாரைப் பற்றிக்கொண்ட பிறகுதான் முழு வேகத்தில் வேலை செய்யும். ஆனால் அது உடம்பில் இருப்பது மிகச் சொற்பம். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் டெசிரே கோலனும் டிங்கமன் ரைக்கனும், தோல் புற்றுநோய் செல்கள் இந்தப் புரதத்தை நிறையச் சுரப்பதைப் பயன்படுத்தி அதைப் பிரித்தெடுத்தார்கள். ஒருவரைத் தாக்கிய நோயின் செல்களிலிருந்து, முன்பின் அறியாத எத்தனையோ பேருக்கான மருந்து பிறந்தது. 1983 ஜனவரியில், கலிபோர்னியாவின் ஜெனன்டெக் நிறுவனத்தில் டயான் பெனிகா குழுவினர் இதன் மரபணுவைப் படியெடுத்த செய்தியை வெளியிட்டார்கள்.

அந்த மரபணுவைக் குடிவைத்த வீடு இன்னும் வியப்பானது. 1948-இன் இறுதியில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த சீனாவிலிருந்து ஹேம்ஸ்டர் என்னும் கன்னப்பை எலிகள் சில அமெரிக்காவுக்கு விமானம் ஏறின. அவற்றின் வழிவந்த ஒரு பெண் எலியின் சினைப்பைச் செல்களை 1957-இல் தியடோர் பக் என்ற விஞ்ஞானி கொலராடோவில் வளர்க்கத் தொடங்கினார். அந்தச் செல்வழி இன்றும் சாகாமல் பெருகிக்கொண்டிருக்கிறது. மனித மரபணுவை வாங்கிக்கொண்ட அந்தச் செல்கள் பெரிய தொட்டிகளில் டிபிஏ-வைச் சுரந்தன. அல்டிபிளேஸ் என்ற பெயரில் 1987-இல் அது மாரடைப்புக்கான மருந்தாக அங்கீகாரம் பெற்றது.

மூளைக்கு வர இன்னும் எட்டு ஆண்டுகள் ஆயின. 1995 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 624 நோயாளிகளைக் கொண்டது. அறிகுறி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்கள், மூன்று மாதம் கழித்து ஊனமின்றியோ சிறு குறையுடனோ நடமாடும் வாய்ப்பு குறைந்தபட்சம் 30 விழுக்காடு கூடியிருந்தது. அதே ஆய்வு இன்னொரு எண்ணையும் மறைக்காமல் சொன்னது. மருந்து பெற்றவர்களில் 6.4 விழுக்காட்டினருக்கு, நிலையை மோசமாக்கும் ரத்தக்கசிவு மூளையில் ஏற்பட்டது. பெறாதவர்களில் அது 0.6 விழுக்காடு. அப்படியும் இறப்பு கூடவில்லை: மூன்று மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 17 விழுக்காடு, பெறாதவர்களில் 21. 2008-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று கால வரம்பை நாலரை மணி நேரமாக நீட்டியது.

நூறில் ஆறு பேருக்கு ஏன் கசிகிறது? கண்மாய்ப் பாசனம் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். அடைப்பு விழுந்து வாய்க்கால் காய்ந்து கிடந்தால் கரை வெடித்துப்போகும். பிறகு மடையைத் திறந்தால் தண்ணீர் பயிருக்குப் போகாமல் வெடிப்பைப் பிளந்துகொண்டு வெளியே பாயும். மூளையிலும் அப்படித்தான். ரத்தம் வராத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. அவற்றோடு அந்தப் பகுதியின் நுண்குழாய்ச் சுவர்களும் நைந்துபோகின்றன. அடைப்பு தாமதமாகக் கரைந்தால், ரத்தம் அந்த நைந்த சுவர் வழியே கசியும். தாமதம், சேதத்தின் அளவு, உயர் ரத்த அழுத்தம், கூடிய சர்க்கரை, முதுமை ஆகியவைதான் கசிவுக்கு நன்கு தெரிந்த காரணங்கள்.

இங்கேதான் கொலஸ்ட்ரால் குறுக்கே வருகிறது. கழுத்து நாளத்தில் படிந்து அடைப்புக்கு வழிசெய்வது கொழுப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கண்மாய் வண்டல் வாய்க்காலைத் தூர்ப்பதும் உண்டு, கரையைப் பூசக் கைகொடுப்பதும் உண்டு. கொலஸ்ட்ராலும் அப்படித்தான். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் அது இருக்கிறது; உடலின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மூளையில் இருக்கிறது. 1989-இல் மூன்றரை லட்சம் அமெரிக்க ஆண்களை ஆராய்ந்தவர்கள், கொலஸ்ட்ரால் 160-க்குக் கீழே இருந்து ரத்த அழுத்தமும் கூடியிருந்தவர்களிடம் மூளை ரத்தக்கசிவால் வரும் மரணம் அதிகம் என்று கண்டார்கள். 2007-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஒரு சிறிய ஆய்வு, மூளை அடைப்பை நீக்கும் சிகிச்சை பெற்றவர்களில் எல்டிஎல் கொழுப்பு குறைவாக இருந்தவர்களுக்குக் கசிவு அதிகம் என்றது. குழாய்ச் சுவரைக் கட்டிக்காக்கும் பொருள் குறைவதால் இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அது இன்னும் நிரூபணம் ஆகவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் சில இதை ஆதரித்தன, சில மறுத்தன.

இதைக் கேட்டதும் கொழுப்பு மாத்திரையைத் தூக்கியெறிய நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஸ்ட்ரோக் அல்லது அதன் முன்னெச்சரிக்கை வந்த 4,731 பேரிடம் அடார்வாஸ்டாடின் மாத்திரையைச் சோதித்த ஆய்வு 2006-இல் வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்களில் ரத்தக்கசிவு 55 பேருக்கு, சாப்பிடாதவர்களில் 33 பேருக்கு. கசிவு கூடியது உண்மைதான். ஆனால் எல்லா வகை ஸ்ட்ரோக்கையும் சேர்த்துப் பார்த்தால் சாப்பிடாதவர்களில் 311, சாப்பிட்டவர்களில் 265. லாபம் பெரிது, நஷ்டம் சிறிது. யாருக்கு எந்த அளவு என்பதை நிதானமாக முடிவு செய்யலாம், அதற்கு அவகாசம் உண்டு. மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

அவகாசமே இல்லாத இடம் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசல். அங்கே கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டுக்காக யாரும் காத்திருப்பதில்லை, காத்திருக்கவும் கூடாது. உள்ளே ரத்தக்கசிவு இல்லை என்று சிடி ஸ்கேன் சொல்ல வேண்டும். சர்க்கரை பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் 185/110-க்குக் கீழே வர வேண்டும். மருந்து ஏறிய பிறகும் ஒரு நாள் முழுக்க அழுத்தத்தை 180/105-க்குள் பிடித்துவைக்க வேண்டும். கரையைக் காப்பது இந்தக் காவல்தான்.

குப்பி இப்போது நமக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது. டிபிஏ-வை மூன்று இடங்களில் மாற்றியமைத்த டெனெக்டிபிளேஸ் உடம்பில் அதிக நேரம் தங்கும். அல்டிபிளேஸை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். டெனெக்டிபிளேஸையோ ஒரே ஊசியில் போட்டுவிடலாம். புனேயில் தயாராகும் டெனெக்டிபிளேஸை ஸ்ட்ரோக்குக்குப் பயன்படுத்த இந்தியா 2016-இல் ஒப்புதல் தந்தது. அமெரிக்கா இதே நோய்க்கு 2025-இல்தான் தந்தது. முதல் ஊசியைத் திண்டுக்கல்லில் போட்டு, அடுத்த கட்டச் சிகிச்சைக்கு நான்குவழிச் சாலையில் அறுபது கிலோமீட்டர் தாண்டி மதுரைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்போது, ஓடுகிற ஆம்புலன்ஸில் மருந்தேற்றும் கருவியைக் கவனிக்க வேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல். 2022 ஜனவரியிலிருந்து திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 108 வண்டி 2008-இலிருந்து ஓடுகிறது.

இத்தனையும் வந்த பிறகும் நத்தத்திலோ வேடசந்தூரிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் பயணம் நின்றுபோகிறது. "வாயு பிடிச்சிருக்கும், கொஞ்ச நேரம் படுங்கய்யா, சரியாப் போயிரும்" என்கிறார்கள். புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்று யாரோ சொல்ல, ஒருவர் புறா தேடிப் போகிறார். மகன் திருப்பூரிலிருந்து வரட்டும் என்கிறார்கள். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லோரும் அன்போடுதான் தாமதிக்கிறார்கள். அதற்குள் கரை வெடித்துக்கொண்டிருக்கிறது.

மருத்துவர் முதலில் கேட்கப்போவது, "கொழுப்பு எவ்வளவு?" என்றல்ல. "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" என்றுதான் கேட்பார். நாலரை மணி நேரக் கணக்கு அந்தப் பதிலிலிருந்துதான் தொடங்கும். காலை ஆறு மணிக்குப் பால் கறந்தார், ஏழு மணிக்கு டீ டம்ளர் கையிலிருந்து நழுவியது என்று சரியாகச் சொல்லத் தெரிந்த ஒரு மருமகளோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ போதும். வாய் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால், முதலில் மணியைப் பாருங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். குப்பியால் திண்ணைக்கு வர முடியாது. நாம்தான் அதனிடம் போக வேண்டும்.