மாயாவிக்கு எத்தனை மார்க்?

காமிக்ஸ் புத்தகத்துக்கு மார்க் போடுவதையே தொழிலாகச் செய்யும் நிறுவனம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. பெயர் சி.ஜி.சி., தொடங்கியது 2000ல். அட்டையின் மடிப்பு, பின்னில் பிடித்த துரு, தாளின் நிறம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அரையிலிருந்து பத்துக்குள் ஒரு மார்க் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். அப்புறம் அதைப் படிக்க முடியாது. பார்க்கலாம், விற்கலாம். ஓவியரோ எழுத்தாளரோ கையெழுத்துப் போடும்போது அவர்களுடைய ஆள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் மஞ்சள் லேபிள். சூப்பர்மேன் முதன்முதலில் தலைகாட்டிய 1938ம் வருட ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழின் விலை அன்று 10 சென்ட். 8.5 மார்க் வாங்கிய ஒரு பிரதி 2024ல் 60 லட்சம் டாலருக்குப் போனது!

நம்ம ஊர் மாயாவியை இந்தப் பரீட்சைக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

நம்ம ஊர் என்றால் பாறசாலைப் பக்கம். 1956 நவம்பர் 1ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. தமிழர்கள் கேட்டும் நெய்யாற்றின்கரை கேரளாவிலேயே நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ்ப் புத்தகம் வேண்டுமானால் எல்லை தாண்டி களியக்காவிளைக்குப் போகவேண்டும்.

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழ் வந்தது, 'இரும்புக்கை மாயாவி'. மூலம் 1962ல் இங்கிலாந்தின் வேலியண்ட் பத்திரிகையில் தொடங்கிய கதை. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் தெரியும். 1984ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. பிறகு ராணி காமிக்ஸ், அமெரிக்காவின் ஃபேன்டமுக்கு 'மாயாவி' என்றே பெயர் வைத்தது. மலையாளத்தில் பாலரமாவில் அதே 1984ல் தொடங்கிய 'மாயாவி'யோ மந்திரக்கோல் வைத்திருக்கும் குட்டிச்சாத்தான். எல்லைப் பிள்ளைகளுக்கு ஆக மூன்று மாயாவி. எந்த மாயாவியைச் சொல்கிறான் என்று கேட்டுவிட்டுத்தான் சண்டையே போடவேண்டும் :-)

புத்தகம் கைமாறிக்கொண்டே இருக்கும். ஒன்று கொடுத்து ஒன்று வாங்குவோம். அட்டை கிழிந்தால் சோற்றுப்பசை. பத்துப் பன்னிரண்டு சேர்ந்தால் பைண்டிங், அதற்கு ஓரத்தை வெட்டுவார்கள். மழைக்காலத்தில் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். சி.ஜி.சி.யின் கணக்கில் இவை ஒவ்வொன்றும் குறைதான். ஓரம் வெட்டிய புத்தகத்தை அசல் நிலையில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கையெழுத்து? இரும்புக்கை மாயாவியை வரைந்த ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ 1995ல் இறந்துவிட்டார். அவரிடம் கையெழுத்து வாங்க இனி வழியில்லை. ஆனால் என்னிடம் இருக்கும் முத்து காமிக்ஸ் ஒன்றின் முதல் பக்கத்தில் நான்கு பெயர்கள் இருக்கின்றன. இரண்டு தமிழில், இரண்டு மலையாளத்தில், பால்பாயின்ட் பேனாவில். ஒருவர் பெயரை அடித்துவிட்டு அடுத்தவர் எழுதியிருக்கிறார். அதற்கு மேல் ஒரு வாடகை நூலகத்தின் ரப்பர் ஸ்டாம்ப்.

சேகரிப்பவர் கண்ணுக்கு அது கறை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளியில் தமிழ் படிக்காத பிள்ளைகள் தமிழ் வாசித்தார்கள் என்று காட்ட எங்கள் பக்கத்தில் வேறு என்ன ஆவணம் இருக்கிறது? மலையாளத்தில் பெயர் எழுதிய பையன், படத்தை மட்டும் பார்த்தானா, எழுத்துக் கூட்டிப் படித்தானா? அந்த நான்கு பெயரை அழித்துச் சுத்தம் செய்தால் மார்க் கொஞ்சம் கூடலாம். நான் தொடப்போவதில்லை.

ஊரில் பழைய வீடுகளை இடித்துக் கட்டுகிறார்கள். பரணில் இருப்பதெல்லாம் எடைக்கு எடை ஆக்ரிக்கடைக்குப் போகிறது. அங்கே வீடு இருக்கிறவர்கள் சித்தப்பாவிடமோ அத்தையிடமோ இந்த வாரமே போனில் சொல்லிவையுங்கள். காமிக்ஸ் கிடைத்தால் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.